வீடே அதிரணுமா? 'வாட்ஸ்' பார்த்து ஏமாறாதீங்க!

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டி. கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவருக்கு வெகு நாளாக ஒரு ஆசை.

குத்துப் பாட்டுப் போட்டால் வீடே அதிர வேண்டும். கூட்டாளிகள் எழுந்து ஆட வேண்டும்!

சீட்டு எடுத்த பணத்தோடு கடைக்குப் போனார்.

"தம்பி, இது 10 ஆயிரம் வாட்ஸ். வீட்டு ஓடு பறக்கும்!" என்றார் கடைக்காரர்.

வாலிபர் பணத்தை எண்ணத் தொடங்கினார். கூட வந்த தாய்மாமன் கையைப் பிடித்தார். அவர் கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டுகிறவர்.

"அவசரப்படாதே மாப்ளே. இந்த 10 ஆயிரம் வெறும் அட்டைப்பெட்டிக் கணக்கு!"

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

எது நிஜம்?

அட்டையில் 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட்ஸ் இருக்கும். கண் சிமிட்டும் நேரத்துக்கு வரும் உச்சத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. அதை அளக்கப் பொதுவான முறையே கிடையாது. விடாமல் பாடும்போது கிடைக்கும் சக்திதான் 'ஆர்.எம்.எஸ்.' அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, வாட்ஸ் 2 மடங்கானால் சத்தமும் 2 மடங்கா? இல்லவே இல்லை! 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 2 மடங்காகக் கேட்க வேண்டுமானால் சுமார் 10 மடங்கு வாட்ஸ் தேவை.

அதனால் ஸ்பீக்கரின் 'சென்சிட்டிவிட்டி'யைப் பார்க்க வேண்டும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பதே அது. 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் தேவைப்படும் இடத்தில், 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு 25 வாட்ஸ் போதும். சத்தம் ஒன்றுதான்!

குத்து எங்கே?

ஆளை ஆட வைப்பது அடிநாதம். டிரம்மின் 'தும் தும்' சுமார் 50, 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதற்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் ஆகாது. 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கரும் கனமான மரப்பெட்டியும் வேண்டும். பெட்டியைச் சுவர் மூலையில் வைத்தால் அடிநாதம் கூடும். ரொம்பக் கூடினால் பாட்டு குழம்பிவிடும்.

சின்ன ஆம்பிளிபயரை முழுசாகத் திருகினால் கரகரக்கும். ட்வீட்டர் கருகிவிடும். தேவைக்கு மேல் கொஞ்சம் சக்தி மிச்சம் உள்ளதே நல்லது.

"உனக்குப் பழக்கமான பாட்டைப் போடச் சொல்லு. சத்தமா வெச்சாலும் பாடுறவர் வார்த்தை புரியணும். அதுதான் பரீட்சை" என்றார் மாமா.

காது பத்திரம்!

வாலிபரின் அப்பா 30 வருஷம் விசைத்தறி ஓட்டியவர். இப்போது பேத்தி கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. தறிச் சத்தம் காதைத் தின்றுவிட்டது.

பாட்டும் அளவு மீறினால் அப்படித்தான். 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும் என்பது காது பாதுகாப்புக் கணக்கு. 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான்! போன காது திரும்பி வராது.

சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. சொந்த வீட்டு செட் ஆனாலும், வீட்டு எல்லையில் இதற்கு மேல் 5 டெசிபல்தான் கூடலாம்.

வாலிபர் '10 ஆயிர'த்தை விட்டுவிட்டார். 40 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஆம்பிளிபயரும், 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டும் வீட்டுக்கு வந்தன.

அன்று சாயங்காலம் பாட்டு ஒலித்தது. கூட்டாளிகள் ஆடினார்கள். அப்பா எழுந்து வந்து ஸ்பீக்கர் பெட்டி மேல் கையை வைத்தார்.

"குத்து தெரியுதுடா!" என்று சிரித்தார்.

மகன் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தார்.