கண்ணிழந்தவர் தந்த ஊசிக்குழல்

ஊசி என்றவுடன் உடல் கூசாதவர் நம்மில் மிகச் சிலரே. தாதி ஊசியுடன் நெருங்கும்போது பெரிய மனிதரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நாம் கண்டிருக்கின்றோம். அந்த ஊசியையே மருந்தாகக் கொண்டு நோய் தீர்க்க முயலும் அக்குபங்சர் என்னும் முறை கிழக்காசியாவில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. சீனத்தில் தோன்றிய அக்கலை ஆறாம் நூற்றாண்டளவில் யப்பானை அடைந்தது. அங்கே அதற்குத் தனி வடிவம் தந்தோருள் முதன்மையானவர் கண்பார்வையற்ற ஒருவர் என்பது நம் மாணவர் அறியவேண்டிய செய்தியாகும்.

திருப்பியனுப்பப்பட்ட மாணவர்

சுகியாமா வாயிச்சி என்பது அவர் பெயர். 1610ஆம் ஆண்டில் இசே நாட்டில் ஒரு சாமுராய்க் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே பார்வை போயிற்று. அதனுடன் குலத்தொழிலாகிய போர்த்தொழிலும் போயிற்று. ஊசிவைத்தியம் கற்க எண்ணி, இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகருக்குச் சென்று, யமாசே என்னும் ஆசிரியரை அடைந்தார். ஆயின், கற்றவை மனத்தில் தங்கவில்லை, கையும் பழகவில்லை. இவனுக்கு இத்தொழில் வாராது என்று கருதிய ஆசிரியர் அவரைத் திருப்பியனுப்பிவிட்டார்.

மனமுடைந்த சுகியாமா எனோசிமாத் தீவுக்குச் சென்று, அங்குள்ள குகையில் பென்சைதென் என்னும் தேவியை நோக்கி உண்ணா நோன்பிருந்தார். இத்தேவி வேறு யாருமல்லள். பௌத்த சமயத்துடன் சீனத்தின் வழியே யப்பான் சென்ற நம் சரசுவதியே ஆவாள். நோன்பு முடிந்து திரும்பும் வழியில் அவர் ஒரு கல்லில் இடறி வீழ்ந்தார். அப்பொழுது காலில் ஏதோ தைத்தது. கையால் தடவிப் பார்க்க, சுருண்ட இலை ஒன்றினுள் ஒரு பைன் மரத்து ஊசியிலை இருந்தது. ஊசியைக் குழலினுள் வைத்துச் செலுத்தலாம் என்னும் எண்ணம் அவருக்கு அப்பொழுதே உதித்தது என்பது யப்பானியர் வழிவழியாகக் கூறும் வரலாறு. அந்தக் கல்லை இன்றும் அத்தீவில் காட்டுகின்றனர்.

வரலாறு எவ்வாறாயினும், குழலின் பயன் ஐயத்துக்கு இடமற்றது. மெல்லிய ஊசியை வெறுங்கையால் தோலிற் செலுத்தினால் அது வளையும்; பார்வையற்றவருக்கோ இடமும் தவறும். ஊசியைவிடச் சற்றே குட்டையான குழலைத் தோலின்மேல் நிறுத்தி, அதனுள் ஊசியை இட்டு, மேலே நீட்டிநிற்கும் தலையை விரலால் மெல்லத் தட்டினால், அது நேரே இறங்கும். சுற்றிலும் குழல் அழுத்துவதால் குத்தும் வலியும் குறையும். கண்ணில்லாதார்க்கென எழுந்த இக்கருவியை இன்று உலகெங்கும் கண்ணுள்ள வைத்தியர்களும் கையாளுகின்றனர்.

பின்னர் சுகியாமா கியோத்தோவில் மேலும் கற்று எடோவுக்கு மீண்டார். நாட்டை ஆண்ட சோகன் சுனயோசியின் நோயைத் தணித்துப் புகழ்பெற்றார். 1682இல் அரசாணை பெற்றுப் பார்வையற்றோர்க்கு ஊசிவைத்தியம் பயிற்றும் கல்விக்கூடத்தை நிறுவினார். பாரிசு நகரில் பார்வையற்றோர்க்குப் பாடசாலை தோன்றியது ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின்னரே. "வேண்டுவது யாது?" எனச் சோகன் வினவ, "ஒரு கண் போதும்" என்று அவர் விடையிறுத்தாராம். கண்ணைக் கொடுக்க இயலாத அரசன், 'ஒற்றைக்கண்' என்றும் பொருள்படும் பெயருடைய இடத்தில் அவருக்கு நிலம் அளித்தான் என்பர். 1694இல் அவர் காலமானார்.

கற்றவர் மீண்டும் கற்றல்

அவர் வழிவந்தோர் கண்ணுக்குப் பதிலாகக் கையை நம்பினர். ஆகவே, பிறவிடங்களில் பயின்று, தொழிலிலும் தேர்ந்த வைத்தியர் யப்பானிய முறையைக் கற்க வரும்போது, அறிந்த பலவற்றை ஒதுக்கிவைக்க வேண்டியவராகின்றார். சீன முறையில் ஊசி ஆழ்ந்து இறங்கி, நோயாளி அங்கே ஒரு கனத்தை உணர்வதைப் பெரிதும் எதிர்பார்ப்பர். யப்பானியரோ மயிரிழை போன்ற ஊசியை மேலாகவே இடுவர். ஊசி பிடிக்கும் வலக்கையினும், இடத்தைத் தொட்டறியும் இடக்கையே அவர்களுக்குப் பெரிது.

போரில் பார்வையிழந்த புகுசிமா கோதோ 1959இல் தொடக்கிய 'தோயோஹரி' முறையில், பல வேளைகளில் ஊசி தோலைத் துளைப்பதேயில்லை. தொட்டு நிற்பதோடு சரி. கற்போர் சிறு குழுவாகக் கூடுவர். ஒருவர் படுத்திருப்பார், ஒருவர் ஊசியைத் தொடுவிப்பார், மற்றொருவர் நாடியில் விரல் வைத்திருப்பார், இன்னொருவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். நாடியில் வரும் மாற்றத்தைக்கொண்டு, "கை கனத்தது", "ஊசியை எடுக்கத் தாமதித்தீர்" என்று உடனிருப்போர் திருத்துவர். நாடி பார்த்தல் நம் சித்த வைத்தியர்க்கும் உரியதே. ஆயின், ஒவ்வோர் ஊசிக்கும் நாடியையே பரீட்சகராக வைப்பது இவர்களின் தனிச்சிறப்பு. ஊரில் வைத்தியர் என மதிக்கப்பட்டவர், அங்கே தம் விரல் பிழைத்ததெனப் பிறர் கூறக் கேட்டு அமைந்திருத்தல் வேண்டும். கல்வியில் இதனினும் அரிய பாடம் யாதுளது?

இவ்வைத்தியம் எல்லா நோயையும் தீர்க்கும் என நாம் கூறவில்லை. சிலவகை நோவுகளுக்கு இது துணைசெய்யும் என ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. கடுநோய்க்கு வைத்தியசாலையை நாடுவதே அறிவுடைமை.

பிழைத்த பிழைப்பு

இரண்டாம் உலகப் போரின் பின், யப்பானை ஆண்ட நேச நாட்டு அதிகாரிகள் இவ்வைத்தியத்தைத் தடைசெய்யக் கருதினர். அது நிகழ்ந்திருப்பின் பல்லாயிரம் பார்வையற்றோர் வாழ வழியின்றித் தவித்திருப்பர். அவர்கள் ஒன்றுதிரண்டு முறையிட்டனர். 1947இல் இயற்றப்பட்ட சட்டம் தொழிலை ஒழுங்குபடுத்திக் காத்தது. இன்று அங்கே மூன்றாண்டேனும் பயின்று, நாடளாவிய பரீட்சையில் தேறியவரே ஊசியெடுக்கலாம். பார்வையற்றோர் பாடசாலைகளிலும் இக்கல்வி நடைபெறுகின்றது.

அத்தனை பேர்க்கும் வழிகாட்டியவர், ஓர் ஆசிரியரால் உதவாதவர் என விலக்கப்பட்ட மாணவர். கற்பிக்கும் நமக்கு இது முள்ளாய்த் தைக்கின்றது. பாடம் ஏறாத பிள்ளையைக் கடைசி வாங்குக்கு அனுப்புமுன், அவனது கை வேறு எதனைத் தேடுகின்றது என ஒருகணம் நின்று பார்த்தல் நம் கடனன்றோ?