காலில் எழுதியிருப்பது

சேர்த்து வைத்தவர்கள் – 9

சென்ற வாரம் தீப்பெட்டிப் படங்களோடு இருந்தோம். இந்த வாரம் ஒரு பொம்மை.

என் மேசையில் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஸ்டார்ம்ட்ரூப்பர் ஒருவன் நிற்கிறான். உயரம் மூன்றே முக்கால் அங்குலம். கைகளும் கால்களும் இன்னும் வெள்ளை. உடல் மட்டும் பழைய தந்தச் சீப்பு மாதிரி மஞ்சளித்துவிட்டது. தலை திரும்பாது, உடலோடு சேர்த்தே வார்த்த தலை. துப்பாக்கி எப்போதோ தொலைந்துபோயிருக்கிறது. இவனைத் திருப்பி, காலின் பின்புறத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பூதக்கண்ணாடிக்கு மட்டும் பிடிபடும் அளவில் புடைப்பெழுத்து: ஜி.எம்.எஃப்.ஜி.ஐ., 1977, ஹாங்காங்.

ஒரு சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, இந்தக் காலைத்தான். அந்த ஐந்து எழுத்துகளின் விரிவு, ஜெனரல் மில்ஸ் ஃபன் குரூப் இன்கார்ப்பரேட்டட். ஜெனரல் மில்ஸ் என்றால் கோதுமை மாவும் காலை உணவுத் தானியங்களும் விற்ற அமெரிக்க நிறுவனம். ஓஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் இருந்த கென்னர் என்ற பொம்மைக் கம்பெனி அதன் கையில் இருந்தது. மாவுக் கம்பெனியின் பெயரை முழங்காலுக்குப் பின்னால் சுமந்துகொண்டு, ஹாங்காங்கில் பிறந்து, அமெரிக்கக் கடைகளில் சுமார் 2 டாலருக்குத் தொங்கியவன் இவன்.

ஜார்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வார்ஸ்' 1977 மே 25 அன்று வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டே பொம்மை உரிமையை விற்க ஆள் தேடினார்கள். அந்தக் காலத்தில் திரைப்பட, தொலைக்காட்சிப் பொம்மைகளில் கொடிகட்டிப் பறந்த மீகோ நிறுவனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. விண்வெளிப் படம் ஒன்று சில வாரம் ஓடும், பொம்மை கடைக்கு வருவதற்குள் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்பது அன்றைய வியாபாரக் கணக்கு. கணக்கில் பிழை இல்லை. படம்தான் கணக்குக்குள் அடங்கவில்லை.

கென்னரில் ஜிம் ஸ்வேரிஞ்சன் என்ற வடிவமைப்பாளர் திரைக்கதையைப் படித்துவிட்டு, இதை விடக்கூடாது என்று நின்றார். நிறுவனத் தலைவர் பெர்னார்ட் லூமிஸ். பொம்மையின் உயரத்தை எப்படி முடிவு செய்தார்கள் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள்: லூமிஸ் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டி, இவ்வளவு இருந்தால் என்ன என்று கேட்டாராம். உண்மையோ பொய்யோ, அதற்குப் பின்னால் இருந்த யோசனை தெளிவானது. 1964இல் ஹாஸ்ப்ரோ கொண்டுவந்த ஜி.ஐ. ஜோ பன்னிரண்டு அங்குலம். 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற சொல்லே அப்போது பிறந்ததுதான். பையன்களிடம் 'டால்' என்று சொல்லி விற்க முடியாது. படத்தின் ஹான் சோலோவும் பன்னிரண்டு அங்குலம் என்றால் அவனுடைய விண்கலமான மில்லேனியம் ஃபால்கன் கட்டில் அளவுக்கு வரும். ஆளைச் சிறிதாக்கினால்தான் கப்பல் வீட்டுக்குள் நுழையும். முதல் மாதிரிகளை ஃபிஷர்-பிரைஸ் கம்பெனியின் சிறு பொம்மைகளை வாங்கி, வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசித்தான் செய்து காட்டினார்கள்.

பிறகு வந்தது அந்தக் கிறிஸ்துமஸ். எஃகு அச்சு வெட்டி, வார்த்து, வண்ணமிட்டு, கப்பலேற்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். 1977 டிசம்பரில் கடையில் வைக்க கென்னரிடம் ஒரு பொம்மைகூட இல்லை. அதனால் பொம்மை இல்லாத அட்டை உறையை விற்றார்கள். உள்ளே பன்னிரண்டு பொம்மைகள் வரைந்த அட்டைப் பின்னணி, சில ஸ்டிக்கர், சங்க உறுப்பினர் அட்டை, ஒரு சான்றிதழ். சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் அடுத்த ஆண்டு லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 என்று நான்கு பேர் வீட்டுக்கு வருவார்கள். கிறிஸ்துமஸ் மரத்தடியில் பரிசைப் பிரித்து, அதற்குள் ஒரு வாக்குறுதியைக் கண்ட குழந்தைகளை நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளிக் காகிதத்தைக் கிழித்த வேகமும், பிறகு தபால்காரரை எதிர்பார்த்து நின்ற மாதங்களும். அந்தச் சான்றிதழை அனுப்பாமல் மறந்துபோன வீடுகளின் உறைகள்தான் இன்று முழுமையானவையாக ஏலத்துக்கு வருகின்றன.

1978இல் மட்டும் கென்னர் 4 கோடிக்கும் அதிகமான ஸ்டார் வார்ஸ் விளையாட்டுப் பொருள்களை விற்றது. அத்தனை கோடி விற்ற பொருளில் அரியது எப்படி இருக்கும் என்று கேட்கலாம். அவசரத்தில் இருக்கிறது. அந்த முதல் இரண்டு வருட அவசரத்தில் கென்னர் செய்த ஒவ்வொரு தடுமாற்றமும், ஒவ்வொரு மனமாற்றமும் பிளாஸ்டிக்கில் பதிந்து கிடக்கிறது.

ஜாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்தில் இயந்திரக் கழிவு பொறுக்கும் குள்ள உருவம். முதலில் வந்த ஜாவாவுக்கு வினைல் அங்கி. மற்ற பொம்மைகளுக்குக் கொடுக்கும் அதே விலைக்கு இந்தச் சின்ன உருவமும் ஒரு பிளாஸ்டிக் துண்டுமா என்று வாங்குகிறவர்கள் நினைப்பார்களே என்று, சீக்கிரத்திலேயே துணி அங்கிக்கு மாற்றினார்கள். வினைல் ஜாவா அபூர்வமாகிவிட்டது. பென் கெனோபி பொம்மையின் வினைல் அங்கியை வெட்டிச் சிறிதாக்கி ஜாவாவுக்குப் போர்த்தி விற்கும் மோசடியும் கூடவே வளர்ந்தது. அதனால் அனுபவசாலிகள் அங்கியின் வெட்டு விளிம்பையும் மேற்பரப்பின் இழைவையும் மணிக்கணக்கில் பேசுவார்கள். கேட்க எனக்குச் சலித்ததே இல்லை. பட்டுப்புடவைச் சரிகையை விரலால் நெருடிப் பார்க்கும் பெரியவர்களின் கவனம் அதில் இருக்கும்.

ஸ்னாகிள்டூத் கதை இன்னும் நல்லது. படத்தில் மதுக்கடையில் தலைகாட்டும் விசித்திர உருவங்களில் ஒன்று. கென்னருக்கு வந்த புகைப்படத்தில் இடுப்புக்கு மேல்தான் இருந்தது. கீழே என்ன என்று தெரியாமல் வடிவமைப்பாளர்கள் ஊகித்தார்கள்: சராசரி உயரம், நீல உடை, வெள்ளி நிறப் பூட்ஸ். சியர்ஸ் கடைகளுக்காகத் தனியாகச் செய்த மதுக்கடைத் தொகுப்பில் அந்த நீல உருவம் 1978இல் வெளிவந்தது. உண்மையில் அது குட்டையான உருவம். சிவப்பு உடை, முடி அடர்ந்த வெறுங்கால். பிறகு திருத்திய அச்சு வந்தது. திருத்தப்பட்டது மலிவு. ஊகத்தில் பிறந்த அந்த நீலத்தைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். நானும் அதைத்தான் விரும்புகிறேன். பாதிப் படத்தை மேசையில் வைத்துக்கொண்டு மீதி ஆளைக் கற்பனை செய்த ஒரு மனிதரின் பிற்பகல் அதற்குள் இருக்கிறது.

இந்தச் சேகரிப்புலகின் உச்சம் போபா ஃபெட். நான்கு பொம்மைகள் வாங்கியதற்கான அடையாளத் துண்டுகளை வெட்டி அனுப்பினால், முதுகிலிருந்து ராக்கெட் பாயும் போபா ஃபெட் இலவசம் என்று 1979இல் கென்னர் விளம்பரம் செய்தது. அவன் இடம்பெறும் படம் 1980இல்தான் வரவேண்டும். அதற்குள் அவன் பொம்மையாகப் பிரபலமாகிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில், மேட்டல் நிறுவனத்தின் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி, அமெரிக்காவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். கென்னர் ராக்கெட்டை முதுகோடு ஒட்டி, பாயாமல் செய்துவிட்டது. அட்டைகளில் அச்சான விளம்பரத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தார்கள். வீடுகளுக்குப் போன போபா ஃபெட் எதுவும் ராக்கெட் ஏவவில்லை.

பாயும் ராக்கெட் சோதனை மாதிரிகளில் மட்டும் தங்கியது. ராக்கெட்டைப் பிடித்து நிறுத்தும் தாழ், முதலில் எல் வடிவப் பள்ளத்தில் நகர்ந்தது. தானாகப் பாய்ந்துவிடாமல் இருக்க அதை ஜே வடிவமாக வளைத்துப் பார்த்தார்கள். சேகரிப்பாளர்கள் இன்று அவற்றை எல்-ஸ்லாட், ஜே-ஸ்லாட் என்றே அழைக்கிறார்கள். கையால் வண்ணம் தீட்டிய அத்தகைய மாதிரி ஒன்று 2024இல் அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. செய்தித்தாள்கள் அந்தத் தொகையைத் தலைப்பில் போட்டன. எனக்குத் தொகையைவிட அந்த ஜே பெரிதாகத் தெரிகிறது. ஒரு குழந்தையின் கண்ணோ தொண்டையோ அடிபடக்கூடாது என்று ஒரு தொழில்நுட்பக்காரர் ஒரு கோட்டை வளைத்துப் பார்த்த தடம் அது. அந்த வளைவும் போதாது என்று முடிவெடுத்ததும் சரிதான்.

இந்த மாதிரிகள் எப்படித் தப்பின என்பதில்தான் சேகரிப்பாளர்களின் உண்மையான பங்கு இருக்கிறது. அன்று ஒரு பொம்மையை முதலில் மெழுகில் செதுக்குவார்கள். அதிலிருந்து நகலெடுத்து, எஃகு அச்சு வெட்டுவார்கள். அச்சிலிருந்து வரும் முதல் வார்ப்புகளுக்கு வண்ணம் இருக்காது. அன்று இயந்திரத்தில் எந்த நிறப் பிளாஸ்டிக் கிடந்ததோ அந்த நிறத்தில் வரும். இவையெல்லாம் கம்பெனிக்கு வேலை முடிந்த கழிவு. மேசை இழுப்பறையில் போட்டுவைத்த ஊழியர்களும், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்களும் இருந்ததால் கொஞ்சம் மிஞ்சியது. பின்னாளில் சேகரிப்பாளர்கள் சின்சினாட்டிக்குப் போய், ஓய்வுபெற்றவர்களின் கதவைத் தட்டி, பொருளோடு சேர்த்து ஞாபகத்தையும் கேட்டு எழுதி வைத்தார்கள். கென்னர் 1987இல் டோங்காவிடம் போய், 1991இல் டோங்காவோடு சேர்ந்து ஹாஸ்ப்ரோவிடம் போனது. ஒரு தொழிற்கூடம் எப்படி வேலை செய்தது என்பது கைமாறிய கம்பெனிகளின் கோப்பில் இருப்பதைவிட இந்தத் தனிமனிதர்களிடம் அதிகம் இருக்கிறது.

காலைத் திருப்பிப் பார்த்தால் ஹாங்காங் மட்டுமல்ல, தைவான், சீனா என்றும் வரும். அட்டைகளைப் பார்த்தால் உலகமே விரியும். பிரிட்டனில் பாலிடாய், மெக்சிகோவில் லிலி லெடி, ஜப்பானில் டக்காரா, பிரேசிலில் கிளாஸ்லைட். 'டிராய்ட்ஸ்' கார்ட்டூன் தொடரின் விளிக்ஸ் என்ற வில்லன் அமெரிக்கக் கடைக்கு வரவேயில்லை; அவன் கிளாஸ்லைட் வழியாக பிரேசிலில் மட்டும் விற்பனைக்கு வந்தான். துருக்கியில் உரிமம் எதுவும் இல்லாமலே 'உசாய்' என்ற பெயரில் ஒரு வரிசை வந்தது. துருக்கி மொழியில் உசாய் என்றால் விண்வெளி. பனிப்படை வீரனுக்கு 'ப்ளூ ஸ்டார்ஸ்', பேரரசரின் சிவப்புக் காவலனுக்கு 'ஹெட் மேன்' என்று அவர்களாகவே பெயர் சூட்டினார்கள். திருட்டு நகல்தான், ஆனாலும் அசல் பலவற்றைவிட இன்று விலை அதிகம்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு கிளை உண்டு. ஸ்டார் வார்ஸ் வெற்றியைப் பார்த்து ஹாஸ்ப்ரோ தன் ஜி.ஐ. ஜோவை 1982இல் அதே மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சுருக்கியது. அந்த அச்சுகளை வைத்து இந்தியாவில் பொம்மை வார்த்தது எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். அமெரிக்க மூலத்தில் இல்லாத நிறங்களில் வந்த அந்த வீரர்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். வீட்டுப் பரணில் பழைய பொம்மைப் பெட்டி இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில் 'ராஞ்சோ ஓபி-வான்' என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. முன்பு கோழிப்பண்ணையாக இருந்த இடம். பத்திரிகையாளராக இருந்து லூகாஸ்ஃபிலிமில் பணியாற்றிய ஸ்டீவ் சான்ஸ்வீட்டின் சேகரிப்பு அது; உலகிலேயே பெரிய ஸ்டார் வார்ஸ் சேகரிப்பு என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. அவர் நம்பி வீட்டுக்குள் விட்ட நண்பர் ஒருவரே நூற்றுக்கும் மேற்பட்ட அரிய பொருள்களைத் திருடி விற்றது 2017இல் வெளியே வந்தது. தெரியாமல் வாங்கியவர்களும் சேகரிப்பாளர்களே. விலை ஏற ஏற இந்த உலகத்தின் நட்பு எவ்வளவு சுருங்கும் என்று நான் பயந்தது அந்தச் செய்தியைப் படித்தபோதுதான்.

இன்று பொம்மையை அனுப்பினால் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, அக்ரிலிக் பெட்டிக்குள் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. போலியைத் தடுக்க அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் போனவனின் காலைத் திருப்பிப் பார்க்க முடியாது. மேலும் பெட்டி எல்லாவற்றையும் காக்காது. மென்மைக்காகச் சேர்த்த வேதிப்பொருள் சில பொம்மைகளின் கைகால்களிலிருந்து மெல்லக் கசிந்து பிசுபிசுக்கும். வெள்ளை மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் காட்டி வெளுக்கச் செய்பவர்கள் உண்டு. சில காலத்தில் மஞ்சள் திரும்பி வந்துவிடுவதும் உண்டு.

என் ஸ்டார்ம்ட்ரூப்பருக்கு மதிப்பெண் கேட்டு நான் அனுப்பப்போவதில்லை. அனுப்பினாலும் அதிகம் கிடைக்காது. மஞ்சள் ஒரு காரணம். இன்னொன்று, இடது பாதத்தின் அடியில் இருப்பது. பக்கத்து வீட்டுப் பையனின் ஸ்டார்ம்ட்ரூப்பரும் இதே மாதிரிதான் இருப்பான். விளையாடி முடித்துப் பிரிக்கும்போது எது யாருடையது என்று சண்டை வரும். அதற்காக அந்தக் கால அமெரிக்கப் பிள்ளைகள் பலரும் செய்த வேலை இது. ஜெனரல் மில்ஸின் எழுத்துகளுக்கு அரை அங்குலம் கீழே, கருப்பு மார்க்கர் மையில், ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டாவது எழுத்து இடம் போதாமல் நெருங்கி: டி.எம்.

(தொடரும்)