நிரூபிக்க வேண்டியவர் யார்?

எங்கள் தெருவில் ஒரு முன்னாள் படைவீரர் இருக்கிறார். ஈராக்கிலிருந்து திரும்பியவர். நாற்பதைத் தாண்டும் முன்பே நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முகாமில் குப்பை எரிக்கும் குழிக்கு அருகில்தான் அவருடைய கூடாரமாம். பிளாஸ்டிக், பேட்டரி, பெயின்ட், ஆஸ்பத்திரிக் கழிவு என்று எல்லாவற்றையும் கொட்டி, விமான எரிபொருளை ஊற்றி எரித்திருக்கிறார்கள். பலாத் என்ற முகாமில் இருந்த குழி மட்டும் சுமார் 10 ஏக்கர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பி நோயில் விழுந்த வீரர்கள் உதவித்தொகை கேட்டபோது, "அந்தப் புகையால்தான் நோய் வந்தது என்று நிரூபியுங்கள்" என்றது அமெரிக்க அரசாங்கம். எந்த நாளில் எவ்வளவு புகையைக் குடித்தோம் என்று எவர் அளந்து வைத்திருப்பார்? பெரும்பாலான மனுக்கள் தள்ளுபடியாயின. வீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2022 ஆகஸ்ட் 10ஆம் தேதி 'பாக்ட்' சட்டம் கையெழுத்தானது. இன்ன காலத்தில் இன்ன நாட்டில் பணியில் இருந்தீர்களா, இந்தப் பட்டியலில் உள்ள நோய் உங்களுக்கு இருக்கிறதா, அப்படியானால் அது பணியால் வந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது அந்தச் சட்டம். வியட்நாமில் தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்சு' மருந்துக்கும் 1991இல் இதே போன்ற சட்டம் வந்தது. நோயாளியின் தலையில் இருந்த சுமையை இறக்கி வைத்ததுதான் இந்தச் சட்டங்களின் பெரிய காரியம்.

இதைப் படித்தபோது என் மனம் போனது பிளாச்சிமடாவுக்கு. நான் பொள்ளாச்சிக்காரன். கோவைப் பக்கத்து அன்பர்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போய் மீனாட்சிபுரம் தாண்டினால் கேரளம், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா. கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும். உள்ளே பேச்சு பெரும்பாலும் தமிழில் நடக்கும். நெல்லும் தென்னையும் விளைகிற மண். பிளாச்சிமடா அங்கே பெருமாட்டிப் பஞ்சாயத்தில் உள்ள சிற்றூர். எரவாளர், மலசர் என்ற ஆதிவாசி மக்களும் மற்ற கூலிக் குடும்பங்களும் வாழும் இடம்.

2000ஆம் ஆண்டு அங்கே கோகோ கோலா கம்பெனி ஆலை திறந்தது. வேலை கிடைக்கும் என்று ஊரே மகிழ்ந்தது. சில மாதங்களிலேயே சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியது. இருந்த தண்ணீரும் உப்புக் கரித்தது. அதில் சோறு பொங்கினால் வேகாது, குளித்தால் உடம்பு அரிக்கும் என்று பெண்கள் முறையிட்டார்கள். குடிநீருக்குத் தூரத்துக் கிணறுகளைத் தேடிக் குடம் தூக்கி நடந்தார்கள்.

தண்ணீர்க் கதை உலகமறிந்தது. நான் சொல்ல வந்தது இன்னொன்று. ஆலையில் மிஞ்சிய சேற்றுக் கழிவை, நல்ல உரம் என்று சொல்லி அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அவர்களும் வயலிலும் தென்னந்தோப்பிலும் கொட்டினார்கள். 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலிக்காரர்கள் அந்தக் கழிவை எடுத்துப்போய் இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது காட்மியமும் காரீயமும் இருப்பது தெரியவந்தது. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும். கழிவால் தீங்கில்லை என்று கம்பெனி மறுத்தது. ஆனாலும் கழிவை வெளியே கொடுக்கக் கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. அதற்குள் எத்தனை பேர் வெறுங்கையால் அதை அள்ளிப் போட்டிருப்பார்கள்!

2002 ஏப்ரல் 22ஆம் தேதி ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு மக்கள் உட்கார்ந்தார்கள். மயிலம்மா என்ற எரவாளர் குலத்துப் பெண்மணி அந்தப் போராட்டத்தின் முகமானார். பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று 2005இல் உயர் நீதிமன்றம் அனுமதித்தும் ஆலை மறுபடி நிலையாக இயங்கவில்லை. 2017இல், திறக்கும் எண்ணமே இல்லை என்று கம்பெனி உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மயிலம்மா அதைப் பார்க்கவில்லை. 2007 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

ஆலை மூடியதோடு பலர் இந்தக் கதையை முடித்து, வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோயுற்றவனுக்கும் நிலம் கெட்டவனுக்கும் என்ன கிடைத்தது?

கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, அதிகாரி கே. ஜெயகுமார் தலைமையில் ஆராய்ந்து, 2010 மார்ச்சில் நஷ்டத்தை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. விவசாய நஷ்டம் சுமார் 84 கோடி, உடல்நலக் கேடு 30 கோடி. கம்பெனி இதை ஏற்கவில்லை. ஒவ்வொருவர் இழப்பையும் கேட்டுத் தீர்ப்பு சொல்லத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011 பிப்ரவரி 24 அன்று நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காகத் தில்லி போன மசோதா அங்கே ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஒப்புதல் இல்லாமலே திரும்பி வந்தது.

பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறதே, அங்கே போகலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அந்தச் சட்டம் வந்ததே 2010இல். இழப்பீடு கேட்க ஐந்தாண்டுக் கெடு என்று அதன் 15ஆம் பிரிவு சொல்கிறது. ஆலை மூடியது 2004இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், கதவு திறக்கும் முன்பே கெடு முடிந்துவிட்டது!

நாட்டில் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. ராஜஸ்தானில் பிச்ரி என்ற ஊரில் ரசாயனக் கழிவால் கிணறுகள் கெட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழில் நடத்துபவர் தன் தவறில்லை என்று கூறித் தப்ப முடியாது என்பதும் நம் நீதிமன்றங்கள் சொன்னதுதான். ஆனால் அந்தத் தத்துவம் ஒரு கூலிக்காரியின் கைக்கு வந்து சேர, அவளிடம் ஏதாவது காகிதம் இருக்க வேண்டும். என் பக்கத்து வீட்டுப் படைவீரரிடம் பணிச் சான்று இருக்கிறது. எந்த முகாமில் எத்தனை மாதம் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. கழிவு கொட்டிய வயலில் நாற்று நட்டவளிடம் என்ன இருக்கும்?

எல்லையில் இன்னும் தெற்கே இடுக்கியிலும் இதே நிலைதான். கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கமிருந்து நம் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலத்துக்கு ஆண்டில் பல தடவை மருந்தடிப்பது வழக்கம். நாளைக்கு அவர்களில் ஒருவருக்கு நோய் வந்தால், எந்தத் தோட்டம், எந்த மருந்து, எத்தனை நாள் என்று சொல்ல, கூலிக்கு ஆள் பிடிப்பவரின் நோட்டுப் புத்தகத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

பிளாச்சிமடா ஆலைக் கட்டடம் 2021இல் கொரோனா சிகிச்சை மையமாகக் கொஞ்ச காலம் பயன்பட்டது. தீர்ப்பாயம் வேண்டும் என்ற கோரிக்கையை மக்கள் அதன் பிறகும் கைவிடவில்லை.

சித்தூர், முதலமடை, பொள்ளாச்சி, கம்பம், போடிப் பக்கம் உறவினர் உள்ள அன்பர்கள் நம்மில் பலர் உண்டு. அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது ஒன்று சொல்லுங்கள். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த தாள், கூலி எழுதின துண்டு என்று எது கிடந்தாலும் தூக்கிப் போடாமல் ஒரு தகரப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். தேதி தெரியாவிட்டால், எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று நினைவுள்ளவரையில் பின்புறம் பென்சிலால் எழுதி வைத்தாலும் போதும்.