கண்மாயும் கனிமமும்

வறண்ட சீமையில் சுரங்கம் தோண்ட உத்தேசிக்கும்போது, அங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர் பலர். எப்போது இருக்கிறது என்று கேட்பவர் சிலரே. இவ்விரு வினாக்களுக்கும் உள்ள வேற்றுமையை, மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்திலுள்ள அரிட்டாபட்டியைக் கொண்டு விளக்கலாம்.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலத்தில் ஒரு நிறுவனம் தேர்வு பெற்றது. தொகுதியின் பரப்பு ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட சுமார் 193 ஹெக்டேர் நிலமும் அதனுள் அடங்கியிருந்தது. மக்கள் எதிர்த்தனர், 2024 டிசம்பர் 9 அன்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது. ஆயினும், இதனால் எழுந்த நீர்ப் பிரச்சினை வறண்ட பிரதேசங்கள் பலவற்றுக்கும் பொருந்துவதாகும்.

அரிட்டாபட்டியைச் சூழ்ந்து ஏழு குன்றுகளும், 72 நீர்நிலைகளும், 200 சுனைகளும் உள்ளன என்று மரபுத் தல அறிவிப்பின்போது அரசு தெரிவித்தது. பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாயும் அவற்றுள் ஒன்று. குன்றுகளின் மொட்டைப் பாறை மழையை உறிஞ்சுவதில்லை. விழுந்த நீர் சரிந்து வரத்துக்கால் வழியே கண்மாயை அடைகிறது. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே மறுகால் பாய்ந்தால், அடுத்த கண்மாய்க்கு நீர் கிடைக்கும். தேங்கிய நீர் கசிந்து கிணறுகளில் ஊறும். ஆகவே குன்று, கண்மாய், கிணறு ஆகிய மூன்றும் ஒரே நீரின் மூன்று நிலைகளேயாம்.

இத்தொடரின் தலைப்பில் சுரங்கம் அமைந்தால் என்ன நேரும்? குழியில் ஊறும் நீரை இறைக்க இறைக்க அண்டைக் கிணறுகளின் மட்டம் தாழக்கூடும். டங்ஸ்டன் தாதுப் பாறையில் அவ்வுலோகம் பொதுவாக நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியதெல்லாம் அரைத்த கழிவாகக் குவியும். அக்கழிவைத் தக்கவாறு காவாவிடில், மழை அதனைக் கரைத்து வரத்துக்காலில் சேர்க்கும். கீழுள்ள கண்மாய்களில் வண்டல் மேடிட்டு, கொள்ளளவு குறையும்.

இவற்றை முன்கூட்டி அறிவதற்கே சுற்றுச்சூழல் ஆய்வு உள்ளது. ஆனால் நடைமுறையில் ஏலம் முதலில், ஆய்வு பின்னர். மேலும், சுரங்கங்களுக்குரிய பொது ஆய்வு வரையறை, மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் அளவுகளைக் கேட்கிறது. மார்ச் முதல் மே வரை அளப்பவர் காண்பது வெடித்த கண்மாய்த் தரையையே. 'நீரோட்டம் இல்லை' என்று அவர் எழுதினால் அது பொய்யன்று. எனினும் உண்மை முழுவதும் அதுவன்று. அதே வரையறையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலம் 'பருவமழைக்குப் பிந்தியது' எனக் குறிக்கப்படுகிறது. மதுரைக்கோ ஐப்பசியும் கார்த்திகையுமே பெருமழைக் காலம்! அகில இந்திய வாசகத்தை மொழிபெயர்க்கையில் சொல் சரியாக அமையலாம். நிலத்திற்குப் பொருந்துகிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மாற்றலாமா என்றும் 2024 டிசம்பரில் ஆலோசிக்கப்பட்டது. கண்மாயை விலக்கி, அதற்கு நீர் தரும் சரிவை விட்டுவிட்டால், காப்பது கரையை மட்டுமே.

பெங்களூர்வாசிகளுக்கு இது புதிதன்று. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாயிற்று. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. நம் ஆஸ்டின் டவுனை அடுத்த சூளை ஏரி கால்பந்து அரங்கமாயிற்று. ஏரி போன பின்னும் மழைநீர் பழைய பள்ளத்தையே நாடும்.

டங்ஸ்டன் நாட்டிற்கு வேண்டாத பொருளன்று. வெட்டுக்கருவிகளுக்கும் துளைக்கருவிகளுக்கும் அது இன்றியமையாதது. ஆயினும் ஏலத்திற்கு முன்பே, வடகிழக்குப் பருவமழையும் கோடையும் அடங்கிய ஓராண்டு முழுவதும் நீரை அளத்தல் வேண்டும். எந்தக் கண்மாய் எந்த மாதம் மறுகால் பாயும், எந்தச் சுனை கோடையிலும் வற்றாது என்பதை ஊர் நீர்பாய்ச்சிகளிடம் கேட்டுப் பதிதல் வேண்டும். அதன்பின் எடுக்கும் முடிவு எதுவாயினும், அது நீரின் கணக்கை அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.