கார்டு வர்றதுக்கு முன்னாடியே லிமிட்டைக் கணக்குப் போடுவது எப்படி?

சம்பளக் கணக்கு திறந்த கையோட ஒரு போன் வரும். "சார், உங்க புரொஃபைலுக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும் லிமிட் கிடைக்கும், ஆதாரும் பேன் கார்டும் இருந்தா போதும்." இதுல 'வரைக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்க. பேசுறவருக்கு உங்க லிமிட் எவ்வளவுன்னு தெரியாது. அதை முடிவு பண்றது வங்கியோட கடன் பிரிவும் அவங்க மென்பொருளும்தான். ஆனா அவங்க எதையெல்லாம் பார்ப்பாங்கன்னு தெரிஞ்சா, ஓரளவுக்கு நாமளே கணக்குப் போட்டுடலாம். இந்த வருஷம் பிளேஸ்மென்ட் ஆனவங்க பேனாவை எடுங்க.

முன்கூட்டியே ஏன் போடணும்? ஒவ்வொரு கார்டு வகைக்கும் வங்கி ஒரு குறைந்தபட்ச லிமிட் வச்சிருக்கும். ஏர்போர்ட் லவுஞ்ச் ஆசையில பெரிய கார்டுக்கு விண்ணப்பிச்சு, உங்க கணக்கு அந்த அளவுக்குக் கீழே நின்னா நிராகரிப்புதான். கார்டு வராது, ஆனா வங்கி உங்க கிரெடிட் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்த பதிவு மட்டும் அங்கேயே இருக்கும். ஒரே மாசத்துல நாலு வங்கியில் முயற்சி பண்ணா நாலு பதிவு. அஞ்சாவது வங்கிக்கு நீங்க காசுக்கு அலையுற ஆளாத் தெரிவீங்க.

முதல்ல சம்பளம். ஆஃபர் லெட்டர்ல இருக்கிற சிடிசியை மறந்துடுங்க. 4.5 லட்சம்னா மாசம் 37,500 இல்லையான்னு கேட்பீங்க. இல்லை. அதுல வேரியபிள் பே 36,000, கம்பெனி கட்டுற பிஎஃப் 21,600, கிராஜுவிட்டி சுமார் 8,500 இருக்குன்னு வச்சுக்குவோம். இதெல்லாம் போனா மாசத்துக்கு 32,000. உங்க பங்கு பிஎஃப் 1,800 பிடிச்சா கைக்கு வர்றது சுமார் 30,000. வங்கி பார்க்கிறது சம்பள ஸ்லிப்பையும் கணக்குல விழுந்த தொகையையும்தான்.

மாசச் சம்பளத்தைப் போல ரெண்டு மூணு மடங்கு லிமிட் வரும்னு பொதுவா ஒரு வாய்க்கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தா 60,000 முதல் 90,000. ஆனா இது ஏற்கெனவே கடன் வாங்கி ஒழுங்கா கட்டினவங்களுக்குப் பொருந்துற கணக்கு. முதல் கார்டு வாங்குறவர் ஒரு மடங்கிலிருந்து ரெண்டு மடங்குக்குள்ள எதிர்பார்க்கிறது நல்லது. அதாவது 30,000 முதல் 60,000. கம்பெனி வங்கியோட பட்டியல்ல மேல் வரிசையில இருந்தா கொஞ்சம் கூடும். சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியே ஆப்ல 'ப்ரீ அப்ரூவ்டு' தொகை காட்டினா, நம்ம கணக்கைவிட அதுதான் நம்பகமானது.

அடுத்து வரலாறு. சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும். கடனே வாங்காதவருக்கு ஸ்கோர் பூஜ்யமா இருக்காது, மைனஸ் ஒன்னு வரும், 'வரலாறு இல்லை'ன்னு அர்த்தம். வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் முறை வர்றவங்களை நிராகரிக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. ஆனா லிமிட்டைக் குறைச்சுக் கொடுக்கிறது வங்கியோட இஷ்டம். இன்னொன்னு, நமக்கு வரலாறே இல்லைன்னு நினைக்கிற பலருக்கும் உண்மையில இருக்கும். செகண்ட் இயர்ல போன் வாங்கின இஎம்ஐ, 'இப்ப வாங்கு அப்புறம் கட்டு' ஆப்கள், மூவாயிரம் ரூபாய் உடனடிக் கடன் எல்லாமே ரிப்போர்ட்ல ஏறலாம். நம்ம பாஷையில சொன்னா, தவணை தவறிக் கட்டினது 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' மாதிரி. கிளியர் பண்ணிட்டாலும் கம்பெனி கேட்கும்ல, அதேதான். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் நாலும் வருஷத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாத் தரணும். நீங்களே பார்த்தா ஸ்கோர் குறையாது. விண்ணப்பிக்கும் முன்னாடி பார்த்துடுங்க.

இப்பதான் முக்கியமான இடம். நம்மில் பலருக்கு அப்பா கையெழுத்தோட ஒரு கல்விக்கடன் இருக்கு. பெரும்பாலும் படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் அதுக்குத் தவணை கிடையாது. ரிப்போர்ட்ல கடன் தெரியும், ஆனா மாசாமாசம் எதுவும் போகாது.

வங்கிகள் வழக்கமா பார்க்கிறது, எல்லாத் தவணையும் சேர்ந்து கைச்சம்பளத்துல பாதிக்குள்ள அடங்குதா என்பது. சில இடத்துல 40 சதவீதம். 30,000க்குப் பாதின்னா 15,000. இன்னைக்கு உங்க தவணை போனுக்கு 2,000 மட்டும். மீதி 13,000 இடம் காலியாத் தெரியும். மென்பொருள் தாராளமா 60,000 லிமிட் கொடுத்துடலாம். அடுத்த வருஷம் கல்விக்கடன் எழும். நிலுவை 4 லட்சம், வட்டி 10 சதவீதம், பத்து வருஷம்னா தவணை சுமார் 5,290. பிஜி வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் இதுக்கு மேல. அதனால வங்கி எவ்வளவு தரும்னு ஒரு கணக்கு போடும்போதே, அந்த 5,290ஐயும் கழிச்சு உங்களுக்கான இன்னொரு கணக்கும் போடுங்க. ரெண்டும் ஒன்னா இருக்காது.

வித்தியாசம் எங்க வலிக்கும்னா, 60,000 முழுசும் தேய்ச்சுட்டு குறைந்தபட்சத் தொகை 3,000 மட்டும் கட்டினா. மாச வட்டி 3.5 சதவீதம்னு வச்சா, மீதி 57,000க்கு 1,995. அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா சுமார் 2,350. கட்டின மூவாயிரத்துல அசல் குறையுறது 650 ரூபாய்தான். அதுக்கப்புறம் டீ வாங்கினாலும் அந்த நாளிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லா நாட்கள் போயிடும்.

அப்போ சின்ன லிமிட்தான் நல்லதான்னா, அப்படியும் இல்ல. லிமிட்ல 30 சதவீதத்துக்குள்ள செலவு இருந்தா ஸ்கோருக்கு நல்லதுன்னு சொல்வாங்க. 30,000 லிமிட்ல மாசம் 15,000 போனா அது 50 சதவீதம், அதே செலவு 60,000 லிமிட்ல 25 சதவீதம். சின்ன லிமிட் வந்தவங்க ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்னாடியே ஒரு பகுதியைக் கட்டிட்டா இந்தப் பிரச்சினை தீரும்.

வேலை இன்னும் கிடைக்கலையா? ஃபிக்ஸட் டெபாசிட் மேல கார்டு தர்ற வங்கிகள் இருக்கு. இதுல பெரிய யூகம் தேவையில்ல. 20,000 போட்டா அதுல 80 சதவீதத்திலிருந்து முழுத்தொகை வரை லிமிட், வங்கியைப் பொறுத்து. சம்பளச் சான்று இல்லாம கடன் வரலாற்றைத் தொடங்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

கார்டு வந்து, லிமிட் உங்க கணக்குக்கு ரொம்ப மேல இருந்தா குறைக்கச் சொல்லலாம். பல ஆப்கள்ல செலவு உச்சவரம்பை நீங்களே மாத்திக்கலாம். கேட்காம ஒரு கார்டு வந்திருந்தா ஆக்டிவேட் பண்ணாதீங்க. 30 நாள் ஆகியும் ஆக்டிவேட் ஆகலைன்னா வங்கி உங்ககிட்ட ஓடிபி வழியா சம்மதம் கேட்கணும், கொடுக்கலைன்னா கட்டணம் இல்லாம மூடணும். ஆறு மாசம் ஒழுங்கா கட்டினதும் 'லிமிட்டை உயர்த்திக்கோங்க'ன்னு மெசேஜ் வரும். உங்க வெளிப்படையான சம்மதம் இல்லாம உயர்த்த அவங்களுக்கு அனுமதி கிடையாது. அன்னைக்கு கல்விக்கடன் தவணை தொடங்கியாச்சான்னு பார்த்துட்டு பதில் அனுப்புங்க.