திறந்த காரும் முன்பாரமும்

பள்ளிகொண்டாவிலிருந்து வந்த ஒரு வாசகர் கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். கூரையை மடித்துத் திறந்துகொள்ளும் கார் ஒன்றை வாங்கி, அதன் பின்னால் படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு கேரவனை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்ற முடியுமா, அதற்கு எத்தனை குதிரைசக்தி எஞ்சின் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பஸ்ஸை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது எஞ்சினே இல்லாத வீடு. பெரும்பாலும் நடுவில் ஓர் அச்சு, இரண்டு சக்கரம், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இரும்புச் சட்டம், அதன் நுனியில் காரின் கொக்கியில் கவ்வுகிற ஒரு கிண்ணம், அவ்வளவுதான். எஞ்சினைப் பற்றிய கேள்வியை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், கடைசியில் கேட்டால் போதும் என்பது என் வாதம். நாற்பது குதிரைசக்தி டிராக்டர் பல டன் கரும்பை இழுத்துக்கொண்டு அம்முண்டி சர்க்கரை ஆலைக்குப் போவதை வேலூர் மாவட்டத்தில் பார்க்காதவர் இல்லை. தாழ்ந்த கியர் இருந்தால் சிறிய எஞ்சினும் இழுக்கும். திறந்த காரில் முதலில் விசாரிக்க வேண்டியது அதன் தரை எவ்வளவு உறுதியானது என்பதை. அடுத்தது, கொக்கியின் மேல் எத்தனை கிலோ உட்காருகிறது என்பதை.

செடான் காரில் கூரைக்கு வேலை அதிகம். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரை, தூண்கள், கூரை எல்லாவற்றையும் சேர்த்துப் பற்றவைத்த பெட்டியே அதன் எலும்புக்கூடு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி, எதிர்மூலைச் சக்கரம் மேட்டில் ஏறும்போது வண்டி துணி பிழிவதுபோல் முறுகப் பார்க்கும். அதைத் தடுப்பதில் கூரைக்குப் பெரிய பங்கு உண்டு. கூரையை எடுத்துவிட்டால் அந்தப் பாரம் முழுதும் தரையின் தலையில் விழுகிறது. காலணித் தொழில் நடக்கும் ஆம்பூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இதைக் காலணியை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். கணுக்கால்வரை மூடிய பூட்ஸின் வடிவத்தை மேல்தோலும் சேர்ந்து பிடித்துக்கொள்கிறது. இரண்டே வார் உள்ள ஹீல்ஸ் செருப்பில் மேலே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதனால்தான் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே, உள்ளட்டைக்கு அடியில், ஷாங்க் என்கிற எஃகுப் பட்டையை வைக்கிறார்கள். அது இல்லாத செருப்பு நான்கு நாளில் நடுவில் தொய்ந்து, ஹீல் பின்னால் சரிந்துவிடும். திறந்த காரை வடிவமைப்பவரும் இதைத்தான் செய்கிறார்: கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தைத் தடிப்பாக்குகிறார், தரைக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் வைக்கிறார், கண்ணாடிச் சட்டத்துக்குள் எஃகுக் குழாய் நுழைக்கிறார். ஆகவே கூரை போன கார் எடை குறையும் என்ற எண்ணம் தப்பு. ஒரே மாடலில் மூடிய காரைவிடத் திறந்த கார் நூறு கிலோவுக்கு மேல் கூடுதலாக இருப்பது சகஜம். இத்தனை செய்தும் மேடுபள்ளத்தில் போகும்போது உள்கண்ணாடி நடுங்கும். பழைய திறந்த கார்களை வாங்கும் விவரம் தெரிந்தவர்கள் ஒரு பின்மூலையை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். கதவு இடுக்கு மேலே நெருங்கிக் கீழே விரிந்து, பூட்டு உரசினால், தரையில் துரு தின்றிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்தது. அதற்கு மூலமான கார் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு, 1959-இல் வந்தது, இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி வரைந்த வடிவம். மற்ற சிறிய கார்கள் பற்றவைத்த பெட்டி உடலுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இது மட்டும் பழைய மாதிரி தனிச் சட்டகத்தோடு வந்தது. காரணம் பொறியியல் பிடிவாதம் அல்ல, வியாபாரச் சங்கடம். ட்ரையம்ப்புக்கு உடல்கூடு செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-இல் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆளில்லை. ஆகவே காரைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, சட்டகத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். முன்பக்கத்து மட்கார்டுகளும் பானெட்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பார்க்கலாம். கூரையும் போல்ட்டில்தான் நின்றது, ஸ்பேனர் இருந்தால் கழற்றிவிடலாம். அறுக்க வேண்டியதில்லை, பற்றவைக்க வேண்டியதில்லை. கூரையைக் கழற்றியும் கார் இரண்டாக மடங்காமல் நின்றதற்கு ஒரே காரணம் அடியிலிருந்த சட்டகம். கூரை இல்லாத வண்டிக்கு எலும்பு தரையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இன்று நம் சாலையில் ஓடும் மகிந்திரா தாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் வந்த புதிய தாரில் மடிக்கும் துணிக்கூரை கிடைத்ததும், அடியில் ஏணி வடிவச் சட்டகம் இருப்பதும் தொடர்பில்லாத செய்திகள் அல்ல. அதன் முன்னோரான இரண்டாம் உலகப்போர் ஜீப், அறுபது குதிரைசக்தி எஞ்சினும் திறந்த தலையுமாகக் கால்டன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு கண்டங்களைக் கடந்தது.

தரை உறுதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது கொக்கி. இங்கே ஐரோப்பியக் கையேடுகளைப் புரட்டுவதற்கு முன்னால் நம்மூர் மாட்டுவண்டிக்காரரைக் கேட்கலாம். இரண்டு சக்கர வண்டியில் சுமை முன்னால் சாய்ந்தால் முன்பாரம், நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் சாய்ந்தால் பின்பாரம், நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். நல்ல வண்டிக்காரர் கொஞ்சம் முன்பாரம் இருக்கும்படி மூட்டையை அடுக்குவார். மேடு ஏறும்போது சுமையின் கனம் பின்னால் நகரும் என்பதால் தானே முன்னால் நகர்ந்து உட்காருவார், இறக்கத்தில் பின்னுக்குப் போவார். கேரவனும் ஒற்றை அச்சில் நிற்கிற இரட்டைச் சக்கர வண்டிதான். அதன் மூக்கணை, அதாவது முன்னால் நீளும் இரும்புச் சட்டம், காரின் கொக்கியை எத்தனை கிலோ அழுத்த வேண்டும் என்பதற்கு ஐரோப்பாவில் வழங்கும் கணக்கு, மொத்த எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம். ஆயிரம் கிலோ கேரவன் என்றால் ஐம்பதிலிருந்து எழுபது கிலோ. குளியலறையில் எடை பார்க்கும் தராசு ஒன்றும், அளவாக அறுத்த மரக்கட்டை ஒன்றும் போதும், வீட்டு வாசலிலேயே அளந்துகொள்ளலாம். சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, மூக்கணைக்கு அடியில் கட்டையை நிறுத்தி, அதைத் தராசின் மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும். தண்ணீர் கேன், அரிசிமூட்டை போன்ற கனமான சாமான்கள் அச்சுக்கு நேர் மேலே, தரையில் இருக்க வேண்டும். பின்சுவரோரம் அடுக்கினால் பின்பாரம். பழைய ஹெரால்டுக்கு இது இரட்டை ஆபத்து. அதன் பின்சக்கரங்கள் தனித்தனி ஊஞ்சல் அச்சில் ஆடுபவை. பின்பாரம் காரின் வாலைத் தூக்கினால் இரண்டு சக்கரமும் அடிப்பக்கம் உள்நோக்கி மடங்கப் பார்க்கும், வளைவில் பிடி போய்விடும். நம் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்பு ஒத்துவரவில்லை. 1972-இல் ஹெரால்டின் வாரிசாக வந்த கெஸல் காருக்கு அதே நிறுவனம் சாதாரண நேர் அச்சைப் போட்டுவிட்டது.

பின்பாரத்தின் உண்மையான விபரீதம் வேகத்தில்தான் தெரியும். ஓடும் பெல்ட்டின் மேல் பொம்மைக் காரையும் டிரெய்லரையும் விட்டு, சிறிய எடைக்கட்டிகளை முன்னும் பின்னும் மாற்றி வைத்துக் காட்டுகிற ஒரு செய்முறை உண்டு. கட்டி முன்னால் இருக்கும்போது டிரெய்லரை விரலால் தட்டினாலும் இரண்டு ஆட்டம் ஆடி நேராகிவிடுகிறது. அதே கட்டியைப் பின்னால் நகர்த்திவிட்டுத் தட்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் காரையும் சேர்த்துச் சுழற்றி எறிகிறது. மொத்த எடை ஒரு கிராம்கூட மாறவில்லை, இடம்தான் மாறியது. சாலையில் அந்த விரல்தட்டு லாரியிலிருந்து வரும். பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று தாண்டும்போது அது தள்ளிவரும் காற்று முதலில் கேரவனை விலக்கும், பிறகு உள்ளே இழுக்கும். ஆட்டம் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பதறி பிரேக்கை மிதிப்பதும், எதிர்ப்பக்கம் வெட்டுவதும் ஆட்டத்துக்குத் தாளம் போடுவதாகிவிடும். இரண்டு கதவுத் திறந்த கார்கள் பல நீளத்தில் குட்டையானவை. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி குறையக் குறைய, வாலை ஆட்டும் பெட்டிக்கு எதிராகக் காரின் பிடி குறைகிறது. ஆகையால்தான் கேரவனோடு ஜெர்மனியில் பொதுவாக 80 கிலோமீட்டருக்கு மேல் போக விடுவதில்லை, சிறப்பு அனுமதி வாங்கிய வண்டிகளுக்கு மட்டும் 100.

டிராக்டர்கள் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் தினமும் ஓடவில்லையா என்று கேட்கலாம். ஓடுகின்றன, முப்பது கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகத்தில் ஆட்டம் வளர்வதற்குள் அடங்கிவிடும். அப்படியும் கணக்கு அவற்றை விட்டுவிடுவதில்லை. இரண்டு சக்கர டிப்பரில் அளவுக்கு மீறி முன்பாரம் ஏற்றிய டிராக்டர் மேட்டில் முன்சக்கரம் தூக்கி நிற்பதைப் படமெடுத்து ரசிக்கிறோமே, அது மூக்கணைப் பாரம் எல்லை தாண்டியதன் விளைவு. கொஞ்சம் இருக்க வேண்டியது முன்பாரம், கொட்டிக் குவிக்க வேண்டியதல்ல. இன்னொரு வேற்றுமை பிரேக். நம் டிராக்டர் டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். அந்தப் பிரேக் இயங்கும் விதம் அழகு. கார் வேகம் குறைந்ததும் பின்னால் வரும் கேரவன் முன்னோக்கி முட்டும், மூக்கணைக்குள்ளிருக்கும் தண்டு உள்ளே நழுவும், அது கம்பியை இழுத்துக் கேரவனின் சக்கரப் பிரேக்கை அழுத்தும். மின்சாரமும் எண்ணெயும் இல்லாமல், காரை முட்டுகிற விசையே தன்னை நிறுத்திக்கொள்ளப் பயன்படுகிறது.

திறந்த கார் தயாரிப்பவர்களே இழுவைக்கு அனுமதி தருவதில்லையே என்பது இன்னொரு ஆட்சேபம், இது கனமானது. மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற இருவர் காருக்கு இழுவைத் திறன் பூஜ்யம் என்றே கையேட்டில் இருக்கும். அதை எஞ்சினின் பலவீனம் என்று படிக்கக் கூடாது, பின்தரையில் கொக்கிக்கென்று உறுதிப்படுத்திய இடம் வைக்கவில்லை என்று படிக்க வேண்டும். அதே ஐரோப்பாவில் நான்கு பேர் உட்காரும் வால்வோ சி70 மாதிரியான திறந்த கார்களுக்கு இழுவை எடையை நிறுவனமே அறிவித்துக் கொடுத்திருக்கிறது. புதிதாக இழுக்கப் பழகுபவர் காரின் வெறும் எடையில் 85 சதவீதத்துக்கு மேற்பட்ட கேரவனை மாட்டக் கூடாது என்று பிரிட்டனில் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால், தரையைத் தடிப்பாக்கியதால் ஏறிய நூறு கிலோ திறந்த காருக்குச் சாதகமாகக்கூட முடியும். ஆகவே திறந்த கார் என்றாலே இழுக்காது என்பதும் சரியல்ல, எஞ்சின் பெரிது என்பதால் இழுக்கும் என்பதும் சரியல்ல. கையேட்டில் இழுவை எடை, கொக்கிப் பாரம் என்று இரண்டு எண்கள் இருந்தால் இழுக்கும். இல்லாவிட்டால் இழுக்காது. வேலூர் வெயிலில் திறந்த காரில் போகிறவர் மண்டை என்ன ஆகும் என்ற மூன்றாவது ஆட்சேபத்துக்கு என்னிடம் பதில் இல்லை, காலை எட்டு மணிக்குள் கிளம்பச் சொல்வதைத் தவிர.

எனக்குக் கவலை தருவது கார் வாங்குபவர்கள் அல்ல, பட்டறைகள். கல்யாண ஊர்வலத்துக்கென்று பழைய செடானின் கூரையைக் கட்டரால் அறுத்து, ஓரத்தில் பட்டியடித்து, பூ ஜோடித்து வாடகைக்கு விடுகிறார்கள். அடியில் ஒரு சட்டம்கூடச் சேர்ப்பதில்லை. ஷாங்க் இல்லாமல் மேல்தோலை மட்டும் வெட்டிய வேலை அது. இப்படிப்பட்ட வண்டியில் நான்கு ஊர்வலத்துக்குப் பிறகு கதவு சாத்தாது. அதன் பம்பரில் கோணச் சட்டத்தைப் பற்றவைத்துக் கொக்கி மாட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். பம்பர் தகட்டுக்கும் தரைச் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. குலுங்கும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் பற்றவைப்பின் ஓரத்தில் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நீளும், கண்ணுக்குத் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 61-ஆம் பிரிவின்படி டிரெய்லருக்கும் மற்ற வண்டிகளைப் போலத் தனிப் பதிவு வேண்டும். இரவில் பின்விளக்கோ சிவப்புப் பட்டையோ இல்லாமல் நெடுஞ்சாலையில் ஊரும் கரும்பு டிரெய்லர்களைப் பார்த்தால் சட்டம் அச்சில் மட்டும் இருப்பதாகத் தோன்றும். கொக்கி போட்டே தீருவேன் என்பவர், தயாரிப்பாளர் தரைச் சட்டத்தில் துளையிட்டு வைத்திருக்கும் இடத்தில் போல்ட் போட்டு முடுக்கும் கொக்கியை மட்டும் வாங்க வேண்டும். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை நிறுத்தி, அந்த போல்ட்டுகளை டார்க் ஸ்பேனரால் மறுபடியும் முடுக்கிப் பார்க்க வேண்டும்.