படகு டிரெய்லருக்கு வழிகாட்டிக் கம்பம்: அளவு நம் கையில் இருக்கட்டும்



கடலோரக் கிராமங்களில் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. "நாலு வீட்டுப் படகுக்கும் சேர்த்து ஒரு டிரெய்லர் வாங்கலாமா?" என்று கேட்கிறீர்கள். ஃபைபர் படகை மணலில் தரதரவென்று இழுத்தால் அடிப்பாகம் தேய்கிறது. இன்ஜின் வேலை, ஃபைபர் ஒட்டும் வேலை என்றால் படகைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் சீக்கிரம் மேட்டுக்கு ஏற்ற வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது எத்தனை படகுகள் சேதமாயின என்பதை அந்தப் பக்கத்துச் சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே டிரெய்லர் பயனுள்ள பொருள்தான்.

ஆனால் டிரெய்லர் வாங்கும்போது பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. அதுதான் வழிகாட்டிக் கம்பம். பட்டறையில் "கைடு போஸ்ட்" என்பார்கள்.

இது எதற்கு?

டிரெய்லரின் பின்பக்கத்தில், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என நிமிர்ந்து நிற்கும் இரண்டு கம்பங்கள்தான் இவை. டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கியதும் அதன் சட்டம் மூழ்கிவிடும். எங்கே நடு, எங்கே ஓரம் என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. வாடைக் காத்து ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் இன்னொரு பக்கம் இழுக்கும். படகு கோணலாக ஏறினால் சக்கரத்தின் மேலோ சட்டத்தின் முனையிலோ இடித்து ஃபைபர் கீறிப்போகும். அதைத் தடுக்க நாம் என்ன செய்கிறோம்? நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தள்ளுகிறோம். அங்கேதான் விரல் நசுங்குகிறது, கால் மாட்டுகிறது.

கம்பம் இருந்தால் இரண்டுக்கும் நடுவே படகை விட்டால் போதும். காலி டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது டிராக்டர் ஓட்டுபவருக்கும் கம்பம் கண்ணுக்குத் தெரியும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கம்பம் வழி காட்டத்தான், பாரம் தாங்க அல்ல. படகைக் கம்பத்தில் கட்டக் கூடாது.

எந்தக் கரைக்கு ஏற்றது?

அலை அடங்கிய இடத்துக்குத்தான் இது. முகத்துவாரம், உப்பங்கழி, ஏரி, சாய்தளம் உள்ள இறங்குதளம் இவற்றில் நன்றாகப் பயன்படும். அலை உடையும் திறந்த மணல் கரையில் டிரெய்லரைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். அலை படகைத் தூக்கிக் கம்பத்தின் மேலேயே போட்டுவிடும். அங்கே வழக்கம்போல் படகைக் கரைக்கு இழுத்த பிறகு டிரெய்லரில் ஏற்றலாம். சேற்றுத் தரையாக இருந்தால் சக்கரம் புதையுமா என்று முதலில் பாருங்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

1. பைப்: உப்புக்காத்தில் சாதா இரும்புக்குப் பெயின்ட் அடித்தாலும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சு உள்ள ஜி.ஐ. பைப் கேளுங்கள். ஒன்றரை அங்குலம், மீடியம் கிளாஸ். மீடியத்துக்கு அடையாளம் நீலப் பட்டை. மஞ்சள் பட்டை என்றால் மெல்லியது.

2. உறை: ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் சுமார் 48 மி.மீ. அதன் மேல் 63 மி.மீ. பி.வி.சி. பைப்பை மாட்டினால் தாராளமாகச் சுழலும். படகு உரசும்போது உறை உருண்டு கொடுக்கும், கீறல் விழாது. மேலே ஒரு மூடி போடுங்கள். கீழே தண்ணீர் வடிய ஒரு துளை வேண்டும்.

3. உயரம்: படகு டிரெய்லரில் உட்கார்ந்திருக்கும்போது, கம்பத்தின் தலை படகு விளிம்பைவிட ஒரு அடியாவது உயரமாக இருக்கட்டும். ஏனென்றால் தண்ணீரில் படகு மிதக்கும்போது இன்னும் மேலே நிற்கும். கம்பம் குட்டையாக இருந்தால் விளிம்பு அதன் மேல் ஏறிவிடும்.

4. பொருத்தும் முறை: சட்டத்தோடு வெல்டிங் செய்வதைவிட யு-போல்ட் போடுவது நல்லது. வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய் அங்கேதான் முதலில் துரு ஏறும். அளவு தப்பினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். யு-போல்ட் என்றால் நட்டைத் தளர்த்தி நகர்த்தலாம். போல்ட்டும் நட்டும் ஜி.ஐ. அல்லது துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். கம்பத்தைத் தாங்கும் கையில் வெல்டிங் தவிர்க்க முடியாது. அந்த இடத்தில் ஜிங்க் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்யும்போது வரும் புகை நெஞ்சுக்குக் கெடுதல், பக்கத்தில் நிற்காதீர்கள்.

அகலம் அளப்பது எப்படி?

முக்கியமான இடம் இதுதான். "பின்பக்கத்தில் தானே கம்பம் நிற்கிறது, படகின் பின்பக்கத்தை அளந்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. படகு அணியம் முன்னாக ஏறுகிறது. அதன் வயிற்றுப் பகுதியும் இந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே நுழைந்துதான் உள்ளே போக வேண்டும். ஆகவே படகின் அதிக அகலமான இடத்தை அளக்க வேண்டும். ஓரத்தில் கட்டிய கயிறு, டயர் எல்லாம் சேர்த்து அளக்க வேண்டும்.

அளக்கும் வழி சுலபம். படகை சமதரையில் நிமிர்த்தி நிறுத்துங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டை இரண்டு பக்க விளிம்பிலிருந்தும் தொங்கவிடுங்கள். தரையில் குண்டு தொடும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே டேப் பிடியுங்கள். அதோடு பக்கத்துக்கு 2 அங்குலம் கூட்டுங்கள்.

உதாரணம்: படகு 6 அடி என்றால் உறைக்கும் உறைக்கும் இடையே உள் இடைவெளி 6 அடி 4 அங்குலம், அதாவது 76 அங்குலம். டிரெய்லர் சட்டத்தின் வெளி அகலம் 54 அங்குலம் என்றால் வித்தியாசம் 22 அங்குலம். பக்கத்துக்கு 11 அங்குலம் கை நீட்டி, அதன் முனையில் கம்பத்தை நிறுத்த வேண்டும். கை அவ்வளவு நீளும்போது அடியில் முக்கோணத் தகடு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வளையும்.

சாலையில் போகும் வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. சுமார் எட்டரை அடி. கம்பத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

பல வீட்டுப் படகுக்கு ஒரே டிரெய்லர் என்றால், இருப்பதில் அகலமான படகுக்கு அளவெடுங்கள். சின்னப் படகுக்குக் கம்பத்தை உள்ளே நகர்த்த வேண்டிய இடத்தைச் சட்டத்தில் பெயின்ட்டால் குறித்து வையுங்கள்.

பொருத்தும்போது

- சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள்.
- சக்கரத்துக்குப் பின்னால், சட்டத்தின் கடைசி முனையிலிருந்து ஒரு அடி முன்னால் கம்பம் நிற்கட்டும். டயர், பின்விளக்கு எதிலும் தொடக் கூடாது.
- முதலில் நட்டை லேசாக மட்டும் முடுக்குங்கள்.
- டிராக்டரில் மாட்டும் கொக்கியின் நடுவிலிருந்து ஒரு கயிற்றை இடது கம்பம் வரை பிடித்து முடிச்சுப் போடுங்கள். அதே கயிறு வலது கம்பத்துக்கும் சரியாக எட்ட வேண்டும். அங்கிருந்து நடு சட்டத்துக்கு உள்ள தூரமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எட்டாவிட்டால் கம்பம் கோணலாக நிற்கிறது என்று அர்த்தம்.
- தூக்குக் குண்டு வைத்து நிமிர்வு பாருங்கள். பிறகு நட்டுகளை மாற்றி மாற்றி முடுக்குங்கள்.
- இரவில் தெரிய சிவப்பு, வெள்ளை ஒளிரும் பட்டை ஒட்டுங்கள்.

காத்து அடங்கிய நாளில் ஒத்திகை பாருங்கள். படகு மெதுவாக வரட்டும். படகுக்கும் கம்பத்துக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது. படகில் இருப்பவர்கள் விளிம்பைப் பிடிக்காமல் கையை உள்ளே வைக்க வேண்டும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். முதல் நாள் முடிந்ததும் நட்டுகளை மறுபடி பாருங்கள். தண்ணீரில் இறக்கும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

குறைந்தது இரண்டு பட்டறையில் கொட்டேஷன் வாங்குங்கள். "டிரெய்லர் ஒன்று" என்று ஒற்றை வரியில் எழுதினால் ஏற்காதீர்கள். பைப் அளவு, எந்தக் கிளாஸ், கம்பத்தின் உயரம், உள் இடைவெளி எத்தனை அங்குலம், யு-போல்ட்டா வெல்டிங்கா, பி.வி.சி. உறை உண்டா என்று எல்லாம் எழுதி வாங்குங்கள். அதை அப்படியே தீர்மான நோட்டில் ஏற்றுங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். உங்கள் படகை ஏற்றிப் பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள்.

"படகு ஆம்பளைங்க சமாச்சாரம், அளவெல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க" என்று சில சகோதரிகள் சொல்கிறார்கள். வீட்டு ஆண்களைக் கேளுங்கள், அவர்களுக்குத்தான் படகின் போக்கு தெரியும். ஆனால் கடன் குழுவின் பேரில் இருக்கிறது. மாதாமாதம் தவணை கட்டுவது நீங்கள். கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் டேப்பும் தூக்குக் குண்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் கரைக்குப் போய் அளந்துவிட்டு வாருங்கள். அந்த அளவை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசியுங்கள்.